ஹாரன் அடிக்காத சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் ஒரு கையும் ஒன்றரைக் காலுமாக நலம். அங்கு தங்கள் நலம் எப்படி என்று விசாரிப்பதுதான் முறை. ஆனால் தங்கள் கழுத்தெலும்பின் எக்ஸ்ரேயும் மருத்துவச் சான்றிதழும் நகலெடுக்கப்பட்டு என் வக்கீலின் மேஜைமேல் கிடப்பதால், தங்கள் நலம் எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இருக்கிற சிக்கலில் பொய் வேறு எதற்கு? எனக்குக் கிடைத்த ஆவணங்களின்படி தாங்கள் நலமில்லை. சீக்கிரம் நலமாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இந்தக் கடிதத்தை நான் எழுதவே கூடாது. வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வக்கீல் வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பிதான். எதைச் சொன்னாலும் ‘அங்கதான் பாயிண்ட்’ என்று முடிப்பதால் நம் இரண்டு குடும்பமும் ‘பாயிண்ட்’ என்றே கூப்பிடுகிற அதே மனிதர். “அத்தான், எதிர்த்தரப்புகிட்ட பேசாதீங்க. போன் பண்ணாதீங்க. ரோட்டுல பார்த்தா சிரிக்கக்கூட சிரிக்காதீங்க. சிரிச்சா சமாதானம் ஆயிட்டீங்கன்னு எடுத்துக்குவாங்க. அங்கதான் பாயிண்ட்,” என்றார். சிரிக்காமல் இருப்பது எனக்கு ஒரு கஷ்டமில்லை. ஊன்றுகோலோடு நடக்கும்போது சிரிப்பு தானாகவே வருவதில்லை. தங்களை ‘எதிர்த்தரப்பு’ என்று அவர் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. என் மகள் எதிர்த்தரப்பின் வீட்டில் சமைக்கிறாள். என் பேத்தி எதிர்த்தரப்பின் தோளில் தூங்குகிறாள், உடையாத தோளில். இப்படி ஓர் எதிர்த்தரப்பை வைத்துக்கொண்டு எந்த வழக்கை நடத்துவது?

நாளைக் காலையில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணையாளர் வருகிறார். முதலில் தங்கள் வீடு, பிறகு எங்கள் வீடு. இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்பாராம்: தப்பு யாருடையது? அதற்குத் தாங்கள் சொல்லப்போகும் பதில் பற்றி ஒரு வேண்டுகோள் வைக்கவே இதை எழுதுகிறேன். நேராக எழுதிவிடத் தைரியம் வரவில்லை. அதனால் தங்களுக்கே தெரிந்ததையெல்லாம் முதலிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு வருகிறேன், பொறுத்தருள வேண்டும். மேலதிகாரிகளின் கையெழுத்துக்காகவே ஆயுள் முழுக்கக் கடித வரைவு எழுதிய கை இது. ‘பொருள்’, ‘பார்வை’ எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயத்துக்கு வரும்.

தாங்கள் அந்த மின்சார ஸ்கூட்டரை வாங்கிவந்த அன்று எங்களைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினீர்கள். “சத்தமே கிடையாது சம்பந்தி. பூனை மாதிரி போகும்,” என்றீர்கள். “அருமை, அருமை,” என்றேன். மாப்பிள்ளை மட்டும் தூணில் சாய்ந்துகொண்டு, “இந்த வயசுல எதுக்குப்பா இது? ஆட்டோவுல போனா ஆகாதா?” என்று முணுமுணுத்தார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் சம்பந்தி ஆசைப்பட்டு வாங்கிய வண்டியைக் குறை சொல்வதா என்று விழுங்கிவிட்டேன். அன்று விழுங்கியது இன்று முழங்காலில் வந்து நிற்கிறது.

சாலையைக் கடப்பதில் எனக்கு ஒரு முறை உண்டு என்பதைப் பூங்கா பெஞ்சில் தங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். வலப்பக்கம் பார்ப்பேன், இடப்பக்கம் பார்ப்பேன், மறுபடியும் வலப்பக்கம் பார்ப்பேன். அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்பேன். கண்புரை எடுத்ததிலிருந்து கண்மேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. காது இதுவரை ஏமாற்றியதில்லை. லாரி உறுமும், மோட்டார் சைக்கிள் படபடக்கும், சைக்கிளுக்குக்கூடச் சங்கிலிச் சத்தம் உண்டு. சத்தம் இல்லையென்றால் வண்டி இல்லை. அன்றும் மருந்துக்கடை முனையில் இதையெல்லாம் முறைப்படி செய்துவிட்டுத்தான் இறங்கினேன். பாதித் தெருவில் நின்று இன்னொரு தடவை கண்ணை மூடிக் கேட்பதும் முறையில் சேர்ந்தது. கேட்டேன். ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்தால் எதிரே தாங்கள்.

அடுத்து நடந்ததை நம் இருவரைத் தவிர யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. தாங்கள் ஹாரன் அடித்திருக்கலாமே என்று போலீஸ்காரர் கேட்கிறார், மருத்துவர் கேட்கிறார், வீட்டில் பாத்திரம் கழுவ வரும் அம்மாள்கூடக் கேட்கிறார். அதற்குத் தாங்கள் ஆம்புலன்ஸில் சொன்ன பதிலைவிடச் சரியான பதில் இருக்க முடியாது. “சம்பந்தியைப் பார்த்து எப்படிங்க ஹாரன் அடிக்கறது? நீங்க என்ன மாடா?” என்றீர்கள். ஹாரன் அடிக்க வேண்டிய கை பிரேக்கையும் விட்டுவிட்டு வணக்கம் சொல்ல நெற்றிக்குப் போனது. அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்போம். சம்பந்தி நின்றுகொண்டிருக்கும்போது நாம் உட்கார்ந்திருப்பதா என்று, ஓடுகிற ஸ்கூட்டரிலிருந்து எழுந்திருக்கவும் பார்த்தீர்கள். எழுவதற்காக வலது கையை ஊன்றியிருக்கிறீர்கள். அந்தக் கைப்பிடியைத் திருகினால்தானே வண்டி பாயும்? “பெட்ரோல் வண்டின்னா கொஞ்சம் யோசிச்சுட்டுக் கிளம்பும் சார். இது நீங்க யோசிக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிடும்,” என்று மெக்கானிக் பிறகு சொன்னார்.

நான் குதித்து விலகியிருக்கலாம். ஆனால் ஒருவர் வணக்கம் சொல்லும்போது முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவது எப்படி? மருந்துப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நானும் கைகூப்பினேன். கூப்பிய கைக்கு நேராகத்தான் வண்டி வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து, தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடியிருந்த பள்ளத்து ஜல்லியில் போய் விழுந்தோம்.

விழுந்த பிறகாவது வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கலாம்.

“அடி பட்டுடுச்சா சம்பந்தி?”

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கு?”

“எனக்கும் ஒண்ணுமில்லீங்க. தப்பு என்னோடதுதான்.”

“சேச்சே, என்ன இப்படிச் சொல்றீங்க? நான்தானே குறுக்க வந்தேன்? முழுத் தப்பும் என்னோடது.”

“ஐயோ, பெரிய வார்த்தையெல்லாம் சொல்லாதீங்க. என் தப்பு, என் தப்பு.”

நம் இருவருடைய எலும்பும் உடைந்து கிடக்க, இப்படியே மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மருந்துக்கடைக்காரர் இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவருக்கே பொறுக்காமல், “முதல்ல எழுந்திரிங்க ஐயா ரெண்டு பேரும். தப்பை அப்புறம் பங்கு போட்டுக்கலாம்,” என்றார். அந்த வாக்கியமும் படத்தில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்ததும் “நீங்க முதல்ல ஏறுங்க”, “இல்லல்ல, நீங்க முதல்ல” என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே நாம் உபசரித்துக்கொண்டதும் இருக்கிறது. “யாராவது ஒருத்தர் ஏறித் தொலைங்க சார், அடுத்த கேஸ் காத்துக்கிட்டிருக்கு,” என்று ஓட்டுநர் கத்தியதும் இருக்கிறது. அதை இதுவரை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பாயிண்ட் சொன்னார். எழுத மனம் வரவில்லை. அவ்வளவு பேர் என் பெயரைக் கேள்விப்படும்படி நான் வாழ்க்கையில் வேறெதுவும் செய்ததில்லை.

எலும்பு மருத்துவர் நல்ல மனிதர். “இந்த ஸ்கூட்டர் கேஸுங்க இப்ப தினமும் வருது. ஓட்டறவங்களுக்குக் கழுத்தெலும்பு, தோள்பட்டை. நடக்கறவங்களுக்கு முழங்கால், மணிக்கட்டு. அநேகமா மாறறதே இல்ல,” என்றார். நாம் இருவரும் அவருடைய கணக்குக்குக் கொஞ்சம்கூடப் பிசகாமல் உடைந்திருக்கிறோம் என்று எனக்கு ஒரு சின்ன ஆறுதல். பிறகு, “விழும்போது கையை ஊனிட்டீங்க. இனிமே ஊனாதீங்க,” என்றார். “சரிங்க டாக்டர், மன்னிச்சிடுங்க,” என்றேன். தலையில் அடிபட்டால் உடனே தெரியாது, நாள் கழித்துத்தான் மயக்கமும் மறதியும் வரும், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் மனைவியிடம் தனியாகச் சொன்னாராம். அன்றிலிருந்து நான் ஒரு பெயரை மறந்தால் போதும், அவள் என் கண்ணுக்குள் டார்ச் அடிக்கிறாள். அவளுடைய பெரியம்மா மகளின் பெயர் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே மறந்துபோகும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறாள்.

மணிக்கட்டு மாவுக்கட்டுக்குள் கூடிவிடுமாம். முழங்கால்தான் வம்பு. உள்ளே தசைநார் அறுந்திருக்கிறது. அறுவை செய்து கட்டாவிட்டால் கால் எப்போது வேண்டுமானாலும் மடியும், ஊன்றுகோலே துணை என்றார். நான் ஊன்றுகோலோடு சமாதானமாகிவிட்டேன். என் மனைவி ஆகவில்லை. மாடிப்படியில் நான் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதை அவள் கீழே நின்று பார்த்தாள். அடுப்படிக்குள் போனாள். அங்கிருந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

பாயிண்ட் வந்தார். “கவலைப்படாதீங்க அத்தான். சட்டத்துல உங்களுக்கு மூணு வழி இருக்கு,” என்றார். என் துரதிர்ஷ்டத்தைப் பாருங்கள், மூன்றில் இரண்டை அவர் வருவதற்கு முன்பே நான் அடைத்து வைத்திருந்தேன்.

முதல் வழி, வண்டி செய்த கம்பெனி. கைப்பிடி தொட்டதும் பாய்கிறது, சத்தமும் எழுப்புவதில்லை, ஆகவே வடிவமைப்பில் குறை என்று கேட்கலாமாம். ஆனால் விபத்து நடந்த மறுநாளே கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்திருந்தாள். “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம் சார்,” என்றாள். அந்தக் குரலில் அவ்வளவு வருத்தம். எனக்கு மனம் கேட்கவில்லை. “சேச்சே, நீ எதுக்கும்மா வருத்தப்படறே? வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் பார்க்காம நின்னுட்டேன். வண்டிக்கு ரொம்ப அடியா?” என்று கேட்டேன். அழைப்பு பதிவாகிறது என்று ஆரம்பத்திலேயே சொன்னார்களாம். நான் அதை வாழ்த்துச் செய்தி என்று நினைத்துக் கவனிக்கவில்லை.

இரண்டாவது வழி, தெருவைத் தோண்டிவிட்டு மூடாமல் போனவர்கள். எச்சரிக்கைப் பலகை இல்லை, விளக்கு இல்லை, தடுப்பு இல்லை. இதுதான் கெட்டியான வழி என்று பாயிண்ட் கையைத் தேய்த்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முந்தின நாள்தான் குழாய் வேலையின் பொறியாளர் எங்கள் வீட்டுக்கு எதிரே மருந்துக்கடை முனையில் அந்தப் பள்ளத்தை அளக்க வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த நான் வேகாத வெயிலில் நிற்கிறாரே என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். வேலை முடிவதற்குள் அதில் விழுந்து ஜல்லியைக் கலைத்துவிட்டேன், மறுபடியும் நிரவ வேண்டியிருக்குமே, மன்னிக்கணும் என்றும் சொன்னேன். அவர் சந்தோஷமாக அதையே ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். தண்ணீர் நன்றாக இருந்தது என்றார்.

பாயிண்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். “அத்தான், உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும், ஊர்ல ஒரு வக்கீல் பிழைக்க முடியாது,” என்றார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

மூன்றாவது வழிதான் தாங்கள். வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவு என்று காட்டினால் தங்கள் வண்டியின் இன்சூரன்ஸ் என் அறுவைக்குக் கொடுக்கும். “அவர் கையை விட்டு ஒண்ணும் போகாது அத்தான். பேருக்குத்தான் அவர் மேல. உண்மையில கம்பெனி மேல. சொந்தக்காரங்களுக்குள்ள எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க,” என்றார் பாயிண்ட். பேருக்குத்தான் என்ற ஒரு வார்த்தையை நம்பி நான் தலையாட்டினேன்.

சம்பந்தி அவர்களே, இப்போது எழுதப்போவதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த நோட்டீஸ். பாயிண்ட் எழுதிய வரைவை என்னிடம் படிக்கக் கொடுத்தார். ‘எதிரி வண்டியை கவனம் இல்லாமல் ஓட்டி மனுதாரரை இடித்துவிட்டார்’ என்று இருந்தது. சட்டப்படி அது போதும். ஆனால் எழுவாயும் பயனிலையும் இப்படிக் கட்டை குட்டையாக நிற்கும் ஒரு வரைவு என் மேஜையைத் தாண்டி என்றைக்கும் வெளியே போனதில்லை. பென்சிலை எடுத்தேன். எடுத்த பென்சில் நிற்கவில்லை. ‘மனித உயிரைத் துச்சமென மதித்து’ என்பது என்னுடையது. ‘முதுமைக்குரிய நிதானம் சிறிதுமின்றி’ என்பதும் என்னுடையது. ‘வேகத்தின் மோகத்தில் விவேகத்தைத் துறந்து’ என்று எழுதி முடித்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. அது தங்களைப் பற்றியது என்ற நினைவே இல்லை. எவனோ ஓர் எதிரியைப் பற்றி எழுதுகிறோம் என்றே எழுதினேன். தாங்கள் அந்த ஸ்கூட்டரை நடையைவிட மெதுவாக ஓட்டுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் மணியடித்து வழி கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸ் வந்த அன்று என் மகள் போன் செய்தாள். “அப்பா, ‘வேகத்தின் மோகத்தில்’னு எழுதினது நீங்கதானே?” என்று கேட்டாள். நான் இருமினேன். “மாமா சாப்பாட்டு மேஜையில வெச்சு சத்தமாப் படிச்சாங்க. முழுசும் படிச்சுட்டு, ‘உங்கப்பா நடை நல்லா இருக்கும்மா’ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. சாப்பிடல,” என்றாள். “நான் இந்த வீட்லதான்பா இருக்கேன்,” என்றாள். போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதன்பிறகு தங்கள் தரப்புப் பதில் வந்தது. ‘மேற்படி மனுதாரர் நடுச்சாலையில் கண்களை மூடிக்கொண்டு நிற்கும் பழக்கமுடையவர்’ என்று அதில் ஒரு வரி. அந்தப் பழக்கத்தை நான் உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். கோபம் வரவில்லை. இவ்வளவு நாள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது இந்த ஒரு வரிதானா என்று இருந்தது. யோசித்துப் பார்த்தால் நான் வேறு எதையும் தங்களிடம் சொன்னதும் இல்லை. “வெயில் அதிகம்”, “ஆமாங்க”, “நேத்தைக்கு இதைவிட அதிகம்”, “சரியாச் சொன்னீங்க”. இவ்வளவுதான் நாம் பேசியது. தாங்கள் நிழலில் உட்காருங்கள் என்று நான் சொல்ல, இல்லை தாங்கள் என்று தாங்கள் சொல்ல, நிழல் தானாக நகர்ந்து போகும்வரை நின்றுகொண்டே இருந்திருக்கிறோம்.

இப்போது அந்த பெஞ்சில் யாரும் இல்லை. தாங்கள் பூங்காவின் அடுத்த வாசல் வழியாகப் போய், ஊஞ்சல் பக்கம் உட்காருகிறீர்கள் என்று கேள்வி. நம் வீட்டுப் பெண்கள் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோலத் தினமும் காலையில் சேர்ந்து நடக்கிறார்கள். “கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும், நாங்க எங்க பாட்டுக்கு நடக்கறோம்,” என்கிறாள் என் மனைவி. பெண்களுக்கு எப்படி இது முடிகிறது என்று தெரியவில்லை. எனக்கு ஒரே சமயத்தில் ஒருவரோடு உறவாகவும் வழக்காகவும் இருக்கத் தெரியவில்லை. இரண்டில் எதிலும் தேர்ச்சி இல்லை என்பதும் இந்த வயதில் தெரிந்துவிட்டது.

விஷயத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். நாளை விசாரணையாளர் கேட்கும்போது, தாங்கள் எப்போதும்போல் “தப்பு என்னுடையது” என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் வேண்டுகோள். தாங்கள் அதை ஜல்லியில் படுத்துக்கொண்டே அத்தனை தடவை சொன்னவர். உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு தடவை சொல்வது சிரமமாக இருக்காது. அவர் இங்கு வந்து அதைச் சொல்லும்போது நான் மறுத்துப் பேச மாட்டேன். பேசாமல் தலையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. இதற்கே ஒரு வாரமாக எனக்குப் பயிற்சி நடக்கிறது. என் மனைவிதான் விசாரணையாளர். கரண்டியை வைத்துக்கொண்டு எதிரே உட்காருகிறாள்.

“தப்பு யாரோடது?”

“என்னு…”

டங்கென்று மேஜைமேல் கரண்டி. “மறுபடியும்! தப்பு யாரோடது?”

“சம்பந்தியோடது… அவர் ரொம்ப நல்லவர்…”

டங்.

“அவரை யாருங்க கெட்டவர்னு சொன்னா? தப்பு யாரோடதுன்னு கேட்டா நல்லவர்ங்கறீங்க. தைரியமா ஒரு தடவை சொல்லுங்களேன், கால் உங்களோடதுதானே!”

கால் என்னுடையதுதான், சந்தேகமில்லை. வாய்தான் என்னுடையதாக இல்லை. உடைந்த கையையும் அறுந்த முழங்காலையும் வைத்துக்கொண்டுகூட ஒரு தப்பை இன்னொருவர்மேல் வைக்கத் தெரியாத மனிதன் எதற்கு லாயக்கு என்று யோசிக்கிறேன். தங்களைக் குற்றவாளியாக ஆக்கிவிட்டு நேரான காலோடு நடப்பதா, தங்களைக் காப்பாற்றிவிட்டுப் படிப்படியாக உட்கார்ந்து இறங்குவதா? எதைச் செய்தாலும் அந்த பெஞ்சுக்கு நான் தனியாகத்தான் போக வேண்டும் என்று தோன்றுகிறது. கால் சரியாகி எங்கே போகப்போகிறேன் என்பதையும் சேர்த்து யோசித்தால் இந்த அறுவையே வீண் என்று படுகிறது. இதை என் மனைவியிடம் சொன்னால் கண்ணுக்குள் டார்ச் அடிப்பாள்.

ஆகவே, தாங்கள் பெருந்தன்மையோடு தப்பை ஏற்றுக்கொண்டு, நான் தலையாட்டுவதை மன்னித்து, அதன்பிறகும் என்னைச் சம்பந்தியாகவே கருத வேண்டுமாய்ப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கழுத்தெலும்பு கோணாமல் கூடட்டும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் ஆசிகள். மகள் வாங்கிக்கொள்ள மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். பேத்திக்கு முத்தங்கள். பழுதுபார்க்கப் போயிருக்கும் தங்கள் ஸ்கூட்டரும் குறையில்லாமல் திரும்பிவர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மனுதாரரும், மாறாத மதிப்புடைய சம்பந்தியுமான அடியேன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்றே எழுதி உறையில் போட்டுவிட்டேன். இன்று காலை நடக்கப் போகும்போது என் மனைவி சம்பந்தியம்மாளிடம் கொடுப்பதாக ஏற்பாடு. விடியும்போதே மழை பிடித்துக்கொண்டதால் அவள் போகவில்லை. மழையிலும் விசாரணையாளர் வந்துவிட்டார். குடையை மடக்கி, நாற்காலியில் உட்கார்ந்து, “தப்பு யாரோடதுங்க?” என்றார். அடுப்படி வாசலில் என் மனைவி நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். “சம்பந்தியோடதுதான். முழுக்க முழுக்க அவரோடதுதான்,” என்று சொல்லிவிட்டேன். இனி தங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கண்ணைத் திறக்கவே மனம் வரவில்லை.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். “இப்பதான் அவர் வீட்லேர்ந்து வர்றேன். தப்பு முழுக்க உங்களோடதுன்னு அவர் அடிச்சுச் சொல்றாரு சார்,” என்றார்.

“அவரா? அப்படியா சொன்னாரு?”

“‘அந்தக் கிழவன் நடுரோட்ல தூங்கிக்கிட்டு நின்னா நான் என்ன பண்றது’ன்னாரு.”

“கிழவன்னா சொன்னாரு?”

“ஆமா சார். ரெண்டு மூணு தடவை சொன்னாரு.”

“என்னைவிட அவர்தான்யா பெரியவர்! வேணும்னா பர்த் சர்டிபிகேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்க! பிரேக்கை விட்டுட்டுக் கும்பிடு போட்டவருக்கு வாய் வேறயா?” என்று கத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் மனைவி டார்ச்சைத் தேடினாள். விசாரணையாளர் மட்டும் நிம்மதியாக எழுதத் தொடங்கினார். செல்போன் படத்தில் இருவரும் என் தப்பு என் தப்பு என்று நிற்கிற கேஸை எப்படி முடிப்பது என்றுதான் ஆபீஸில் குழம்பிக்கொண்டிருந்தார்களாம். இருவரும் அடுத்தவர்மேல் பழி சொன்னால் சுலபமாம். இரண்டு பக்கமும் கவனக்குறைவு என்று எழுதி, எனக்கும் கொஞ்சம், உங்களுக்கும் கொஞ்சம் என்று முடித்துவிடுவார்களாம். என் காலுக்கு அது ஏறக்குறையப் போதும் என்கிறார் பாயிண்ட். விசாரணையாளர் போன பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை. மத்தியானம் இரண்டு கரண்டி சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஆகவே மேலே எழுதியவை அனைத்தையும் ரத்து செய்கிறேன். தப்பை ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒப்புக்கொண்டால் நான் விடமாட்டேன். மழை விட்டதும் சாயங்காலம் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து உங்கள் வீட்டுக்கு வருகிறேன். யார் கிழவன் என்று நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்வோம். நிறைய நேரமாகும். நான் வக்கீலை அழைத்து வரவில்லை, நீங்களும் அழைக்க வேண்டாம்.